மனாத்தின் மக்களும் அவர்தம் மகள்களும்

அரபுக் கல்லூரியில் ஜலாலைன் விரிவுரையைப் பாடம் சொல்பவர்கள் ‘அந்நஜ்ம்’ அத்தியாயத்தின் 19ஆம் வசனத்தை எட்டும்போது சற்று நின்றே கடக்க வேண்டும். லாத், உஸ்ஸா, மனாத் என்ற மூன்று பெயர்கள் அங்கே அடுத்தடுத்து வருகின்றன. இலக்கணப்படி மூன்றும் பெண்பால். அவற்றை வணங்கியவர்களும் பெண்களாகவே கருதினர். அல்லாஹ்வின் புதல்விகள் என்றனர். சில ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் ஒரு மாணவர், “ஹஜ்ரத், பெண் குழந்தையை உயிரோடு புதைத்தவர்கள் பெண் தெய்வத்தை எப்படி வணங்கினார்கள்?” என்று கேட்டார். அறியாமைக் காலத்து மக்களிடம் முரண்பாடுகளுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிப் பாடத்தை நகர்த்திவிட்டேன். மாணவர் அமைதியாகிவிட்டார். எனக்குத்தான் அந்த விடை போதவில்லை. ஒன்றுக்கு முரண்பாடு என்று பெயர் சூட்டிவிட்டால் அது விளங்கிவிட்டதாக ஆகாது. அந்தக் கேள்வியின் பின்னே சென்று படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பெண் தெய்வ வழிபாடு அரபுகளுக்கு மட்டும் உரியதன்று. சுமேரியருக்கு இனான்னா, பாபிலோனியருக்கு இஷ்தார், எகிப்தியருக்கு ஐசிஸ், ஏதென்ஸ் நகரத்தாருக்கு அதீனா என்று பண்டைய உலகின் பெரும்பகுதி அதை அறிந்திருந்தது. நாம் வாழும் நாட்டில் அது இன்றும் அன்றாடக் காட்சி. இதிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய அறிஞர் சிலர் ஒரு முடிவுக்கு வந்தனர். சுவிட்சர்லாந்தின் பாஹோஃபென் 1861இல் வெளியிட்ட ‘தாய் உரிமை’ என்னும் நூலில், தொன்மைக் காலத்தில் குடும்பமும் சமூகமும் பெண்ணின் கையில் இருந்தன என்றும் பழைய தெய்வக் கதைகளும் வழிபாடுகளும் அதற்குச் சான்று என்றும் வாதிட்டார். ஸ்காட்லாந்தின் ராபர்ட்சன் ஸ்மித் 1885இல் அரபு உறவுமுறை பற்றி எழுதிய நூலில், அரபுகளிடமும் தந்தைவழி முறைக்கு முன்பு தாய்வழி முறையே நிலவியது என்றார். பெண்ணை வணங்கிய சமூகம் பெண்ணை மதித்த சமூகமாகவே இருந்திருக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து பரவி இன்றுவரை நீடிக்கிறது. நம் மேடைகளிலோ இதற்கு நேர் எதிரான குரல் ஒலிக்கிறது: அவர்கள் பெண்ணை வணங்கியும் பெண்ணைப் புதைத்தார்கள், எனவே அந்தக் காலம் முழுவதும் ஒரே இருட்டு. இரு தரப்பாருக்கும் அடிப்படை ஒன்றுதான். தெய்வம் ஆணா பெண்ணா என்பதும் அந்த ஊர்ப் பெண்ணின் நிலையும் ஒன்றோடொன்று கட்டுண்டவை என்று இருவருமே எண்ணுகின்றனர். இந்த எண்ணத்தைச் சோதிக்க அரபு நாடு நல்ல களம். ஒரே பெண் தெய்வத்தை, பெயர்கூட மாறாமல், சில நூற்றாண்டு இடைவெளியில் இருவேறு ஊர்களில் அங்கே காண முடிகிறது. அந்தத் தெய்வம் மனாத்.

நம் மூலங்களைப் பற்றி முதலில் ஒரு சொல். அரபுச் சிலைகளைப் பற்றித் தனி நூல் எழுதியவர் கூஃபாவைச் சேர்ந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். அவருடைய ‘கிதாபுல் அஸ்னாம்’ நெடுங்காலம் பிறர் நூல்களில் மேற்கோள்களாக மட்டுமே கிடந்தது. ஜெர்மானிய அறிஞர் வெல்ஹவுஸன் 1887இல் யாகூத்தின் புவியியல் அகராதியிலிருந்துதான் அந்த மேற்கோள்களைத் திரட்டிப் பயன்படுத்தினார். பிறகு மூல ஏடு கிடைத்து, எகிப்தின் அஹ்மத் ஸகீ பாஷா அதை 1914இல் பதிப்பித்தார். ஹதீஸ் கலை அறிஞர்கள் இப்னுல் கல்பீயை அறிவிப்பாளராக ஏற்றவர்கள் அல்லர். ‘கைவிடப்பட்டவர்’ என்றே பலர் எழுதினர். வரலாற்றுச் செய்திக்கு அவரைப் பயன்படுத்தும்போது வேறு சாட்சியும் தேட வேண்டும். நல்வாய்ப்பாக, நம் முன்னோருக்குக் கிடைக்காத ஒரு சாட்சி நமக்குக் கிடைத்திருக்கிறது. பாறைகள் பேசத் தொடங்கிவிட்டன. தெற்கு சிரியா, வடகிழக்கு ஜோர்தான் ஆகியவற்றின் கருங்கல் பாலையில் மட்டும் நாடோடி அரபுகள் கீறிவைத்த 30,000க்கும் மேற்பட்ட சிறு கல்வெட்டுகள் அறியப்பட்டுள்ளன. அவற்றில் மிகுதியாக அழைக்கப்படும் தெய்வம் லாத். குர்ஆன் சாடும் சிலை வணக்கம் நேர்ப்பொருளில் கொள்ளத்தக்கதுதானா, அல்லது ஏகத்துவவாதிகள் ஒருவர்மீது ஒருவர் வீசும் வசைதானா என்று 1999இல் ஜெரால்ட் ஹாட்டிங் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு நூலில் ஐயம் எழுப்பினார். மக்காவைப் பற்றிய அவர் வாதம் எப்படியும் போகட்டும். அந்த மூன்று பெயர்களும் அரபு மண்ணில் உண்மையாகவே வணங்கப்பட்டவை என்பதில் பாறைகள் ஐயம் வைக்கவில்லை.

பெயர்களைப் பார்ப்போம். ‘லாத்’ என்பது ‘இலாஹ்’ என்பதன் பெண்பாலிலிருந்து சுருங்கியது என்பதே மொழியியலாளரின் பொதுக் கருத்து. கிமு 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அரபுகள் ‘அலிலாத்’தை வணங்குவதாக எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டைச் சேர்ந்த, கேதார் அரசன் ஜஷமின் மகன் கைனு காணிக்கையாக அளித்த வெள்ளிக் கிண்ணம் ஒன்றில் ‘ஹன்-இலாத்’ என்றே பொறிக்கப்பட்டுள்ளது. எகிப்தின் தல் அல்-மஸ்கூத்தாவில் கிடைத்த அது இன்று நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கம் வேறு. ஹாஜிகளுக்கு வறுத்த தானிய மாவைக் குழைத்துக் கொடுத்த ஒரு மனிதரே லாத் என்று அவர்கள் கூறியதை புகாரீ பதிவு செய்திருக்கிறது. நம் ஊரில் சத்துமாவு என்கிறோமே, ஏறத்தாழ அதுதான் அந்த ‘ஸவீக்’. ருவைஸின் ஓதல் முறையில் ‘லாத்’தின் இறுதி எழுத்தை அழுத்தி ஓதுவதும் ‘குழைப்பவர்’ என்ற இப்பொருளுக்கு இசைவானதே. கிஸாயீயோ நிறுத்தும்போது ‘ஹ்’ ஒலியில் நிறுத்துகிறார். ஒரே சொல்லின் இறுதி எழுத்தில் இவ்வளவு வரலாறு அடங்கிக் கிடக்கிறது. ‘உஸ்ஸா’ என்பது ‘அஅஸ்ஸு’வின் பெண்பால், மிக வல்லவள் என்று பொருள். ‘மனாத்’தைப் பலவாறு பிரித்துள்ளனர். பலியின் குருதி அங்கே சிந்தப்பட்டதால் அப்பெயர் என்பார் சிலர். அளந்து விதிப்பது என்ற வேர்ப்பொருளே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மரணத்துக்கு அரபியில் ‘மனிய்யா’ என்று ஒரு பெயர் உண்டல்லவா, அதே வேர். மனாத் விதியின் தெய்வம்.

மூவருள் மிகப் பழையவள் மனாத் என்கிறார் இப்னுல் கல்பீ. மக்காவுக்கும் மதீனாவுக்கும் இடையே, குதைதை அடுத்த முஷல்லல் பகுதியில், கடற்கரையோரம் அவளுடைய இடம் இருந்தது. எல்லா அரபுகளும் மதித்தனர் எனினும் அவ்ஸ், கஸ்ரஜ் குலத்தாரைப் போல் மதித்தவர் இல்லை. அவர்கள் ஹஜ்ஜுக்குச் சென்று மற்றவர்களோடு எல்லா இடங்களிலும் நின்றாலும் அங்கே தலைமுடி களையமாட்டார்கள். திரும்பும் வழியில் மனாத்திடம் வந்து களைந்தால்தான் தங்கள் ஹஜ் நிறைவுற்றது என்று எண்ணுவார்கள். பிற்காலத்தில் அன்சாரிகள் என்ற பெரும்பெயர் பெற்றவர்கள் இந்தக் குலத்தாரே.

இச்செய்திக்கு இப்னுல் கல்பீயைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு. ஸஃபா, மர்வா குன்றுகளைச் சுற்றுவதில் குற்றமில்லை என்று கூறும் 2:158 வசனத்தைப் பற்றி உர்வா இப்னு ஸுபைர், தம் சிறிய தாயார் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு கருத்தைச் சொன்னார். குற்றமில்லை என்றுதானே உள்ளது, அப்படியானால் சுற்றாமல் விட்டாலும் குற்றமில்லை என்றுதானே பொருள் என்பது அவர் வாதம். அன்னை அவர்கள் உடனே திருத்தினார்கள். நீ சொல்வதே பொருளாக இருந்தால் ‘சுற்றாமலிருப்பதில் குற்றமில்லை’ என்றல்லவா வசனம் அமைந்திருக்கும் என்று, எதிர்மறைச் சொல் எங்கே நிற்க வேண்டும் என்பதை எடுத்துக்காட்டினார்கள். பிறகு வசனம் இறங்கிய பின்னணியைக் கூறினார்கள்: அன்சாரிகள் இஸ்லாத்துக்கு முன் முஷல்லலில் மனாத்துக்காக இஹ்ராம் கட்டி வந்தவர்கள், அதனால் ஸஃபா மர்வாவைச் சுற்றத் தயங்கினர், அந்தத் தயக்கத்தை நீக்கவே வசனம் இறங்கியது. மனாத் வழிபாட்டைப் பற்றி நம்மிடம் உள்ள நம்பத்தக்க அறிவிப்பு, ஒரு பெண் அறிஞர் தம் மாணவரின் இலக்கணப் பிழையைத் திருத்தியபோது சொன்ன செய்தி. நஹ்வுப் பாடத்தில் ‘லா’வின் இடம் பற்றிப் பேசும்போதெல்லாம் இதை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம்.

இப்போது மதீனாவிலிருந்து வடக்கே செல்வோம். ஹிஜ்ர் என்றும் மதாயின் ஸாலிஹ் என்றும் அழைக்கப்படும் இடம். 2008இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்க்கப்பட்டது. மலையைக் குடைந்த 111 கல்லறைகள் அங்குண்டு, அவற்றுள் 94 வேலைப்பாடுள்ள முகப்புகள் கொண்டவை. ஸமூது கூட்டத்தார் வாழ்ந்த நிலம் என்பதால் நாம் அதை அச்சத்தோடு நினைக்கிறோம்; தபூக் பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அவ்விடத்தை அழுதவாறு விரைந்து கடக்கச் சொன்னார்கள். ஆயினும் இன்று நிற்கும் கல்லறை முகப்புகள் நபதீ அரபுகள் செதுக்கியவை என்பதை அவற்றின் கல்வெட்டுகளே ஆண்டுக் கணக்கோடு சொல்கின்றன. ஸமூதுகள் அவர்களுக்கு முந்தியவர்கள்.

அக்கல்லறைகளில் ஒன்றின் முகப்பில் இருப்பது ஒரு பெண்ணின் ஆவணம். வாயிலாவின் மகள் கம்கம் என்பவள், தன் மகள் குலைபாவோடு சேர்ந்து, தங்களுக்கும் தங்கள் வழித்தோன்றல்களுக்குமாக அந்தக் கல்லறையை அமைத்ததாக அது கூறுகிறது. நபதீ அரசன் நான்காம் ஹாரிஸாவின் ஒன்பதாம் ஆட்சியாண்டு, அதாவது கிமு 1 அல்லது கிபி 1. கல்லறையை விற்பவன், வாங்குவான், அடகு வைப்பவன், வேறு பிணத்தை உள்ளே வைப்பவன் அனைவர்மீதும் தெய்வங்களின் சாபம் கோரப்படுகிறது. துஷரா, லாத் என்ற பெயர்களோடு மனாத்தின் பெயரும் அங்கே இருக்கிறது. மீறுபவன் தெய்வங்களுக்கும் ‘அஃப்கல்’ எனப்படும் பூசாரிக்கும் தண்டம் செலுத்த வேண்டும். சொத்து, சொத்துரிமை, வாரிசு, மீறலுக்குத் தண்டனை என்று ஒரு முழுமையான பத்திரம் அது. எழுதிக் கொடுத்தவள் பெண். உடன் நின்றவள் அவள் மகள். இது தனித்த ஒன்றும் அன்று. ஹிஜ்ரின் கல்வெட்டுகளில் தம் பெயரில் கல்லறை அமைத்த பெண்கள் வேறு சிலரும் உள்ளனர்.

இதைப் படிக்கும் பாஹோஃபெனின் வழிவந்தவர், பார்த்தீர்களா, மனாத்தை வணங்கிய இடத்தில் பெண்ணுக்குச் சொத்து இருந்தது என்பார். அவரைக் கைப்பிடித்து, ஆறு நூற்றாண்டுக்கும் பின்னர், மனாத்தின் மிகப் பெரிய பக்தர்களாகிய கஸ்ரஜ் குலத்தாரின் ஊருக்கே அழைத்து வரவேண்டும்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹதுப் போரில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) உயிர்த் தியாகம் செய்தார்கள். கஸ்ரஜ் குலத்தின் பெருமக்களுள் ஒருவர். ஹிஜ்ரத் செய்துவந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களோடு சகோதர பந்தம் ஏற்படுத்தப்பட்டபோது தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தவர் இவரே. அவருக்கு இரண்டு பெண் மக்கள். அவர் மறைந்ததும் செல்வம் முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொண்டார். இதில் அவர் வழக்கத்தை மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், வழக்கமே அதுதான். போருக்குச் செல்லாதவர்களுக்குச் சொத்தில் பங்கில்லை என்பது அங்கிருந்த நடைமுறை. ஸஅதின் மனைவி அந்த இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இவர்களின் தந்தை உங்களோடு நின்று கொல்லப்பட்டார், சிறிய தந்தை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், பொருளின்றி இவர்களுக்கு மணம் நடக்காது என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று கூறி நபி (ஸல்) அவர்கள் காத்திருந்தார்கள். வாரிசுரிமை வசனம் இறங்கியது. பெண் மக்களுக்கு மூன்றில் இரு பங்கு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது உமக்கு என்று அந்தச் சகோதரருக்குச் சொல்லியனுப்பினார்கள். திர்மிதீ, அபூதாவூத் ஆகிய தொகுப்புகளில் இது இடம்பெற்றுள்ளது.

அங்கும் மனாத், இங்கும் மனாத். அங்கே மகளைப் பங்காளியாக்கி மலையில் பெயர் பொறித்த தாய்; இங்கே தந்தை இறந்ததும் வெறுங்கையோடு நின்ற மகள்கள். மனாத்தின் பெண்மை முன்னவளுக்குச் சொத்தைக் கொடுக்கவுமில்லை, பின்னவர்களின் சொத்தைப் பறிக்கவுமில்லை. ஹிஜ்ரில் வணிகமும் அரசும் எழுத்தில் ஆவணம் வைக்கும் மரபும் இருந்தன. யஸ்ரிபில் வாளேந்துபவனுக்கே சொத்து என்ற குல வழக்கு இருந்தது. பெண்ணின் நிலையை இவையே தீர்மானித்தன. அறியாமைக் காலம் முழுவதும் ஒரே நிறம் என்று நான் பல ஆண்டுகள் பாடம் சொல்லி வந்ததையும் கம்கமின் கல்வெட்டு திருத்திற்று.

பெண் குழந்தையைப் புதைத்த கொடுமையும் அப்படியே. குர்ஆன் அதைக் கண்டித்திருப்பதால் அது நடந்தது என்பதில் ஐயமில்லை. எல்லாக் குலத்தாரும் எல்லாக் காலத்திலும் செய்ததன்று. தமீம் குலத்தாரைப் பற்றியே செய்திகள் மிகுதி. அதே தமீமில், கவிஞர் ஃபரஸ்தக்கின் பாட்டனார் ஸஅஸஆ, புதைக்கப்படவிருந்த பெண் குழந்தைகளை விலை கொடுத்து மீட்டவர் என்று புகழ்பெற்றார். தென் அரேபியக் கல்வெட்டு ஒன்றில் ஒரு தந்தை நோயுற்ற தம் மகளுக்காக உஸ்ஸாவுக்குப் பொற்சிலை காணிக்கை செலுத்துகிறார். அந்த மகளின் பெயர் அமத்-உஸ்ஸயான், ‘உஸ்ஸாவின் அடிமைப் பெண்’. அவர் வேண்டிய இடம் தவறு. மகளுக்காக அவர் பட்ட தவிப்பு எந்தத் தந்தையும் அறிந்ததே.

அப்படியானால் தெய்வங்களைப் பெண்ணாக்கியது எது? ‘ஈலின் புதல்விகள்’ என்ற தொடரே தென் அரேபியக் கல்வெட்டுகளில் உண்டு என்பதை பிரெஞ்சு அறிஞர் கிறிஸ்தியான் ரொபான் 2001இல் எடுத்துக்காட்டினார். குறைஷிகளின் கூற்று அவர்கள் புதிதாகப் புனைந்ததன்று, பழைய வழக்கு. என் கருத்து இது: குல சமூகத்தில் பெரியவர் ஒருவரை நேரடியாக அணுக இயலாதபோது அவருடைய மகளை முன்னிட்டு அணுகுவர். மகன் போட்டியாளன், மகள் தந்தையின் மனத்தை இளக்குபவள், வேற்றுக் குலத்தோடு உறவை இணைப்பவள். படைத்தவன் அல்லாஹ் என்பதைக் குறைஷிகள் மறுத்ததில்லை. அவனிடம் பரிந்துரைக்கத்தான் அவர்களுக்குப் புதல்விகள் தேவைப்பட்டனர். ‘அந்நஜ்ம்’ அத்தியாயத்தின் கோவையே இதற்குத் துணை நிற்கிறது. மூன்று பெயர்களையும் கூறி, அவை நீங்களும் உங்கள் முன்னோரும் சூட்டிய வெறும் பெயர்களே என்று மறுத்த பின், 26ஆம் வசனம் நேராகப் பரிந்துரையைப் பற்றிப் பேசுகிறது. 27ஆம் வசனம் வானவர்களுக்குப் பெண் பெயர் சூட்டுவதைக் கண்டிக்கிறது. குறைஷிகள் கஅபாவைச் சுற்றும்போது இம்மூவரையும் உயரப் பறக்கும் பறவைகளாகப் புகழ்ந்து, அவர்களின் பரிந்துரையை எதிர்பார்ப்பதாக ஒரு வாசகம் ஓதி வந்தனர் என்று இப்னுல் கல்பீ எழுதுகிறார். ‘கரானீக்’ கதை என்ற பெயரில் சில அறிவிப்புகள் இவ்வாசகத்தை நபி (ஸல்) அவர்களோடு தொடர்புபடுத்துகின்றன. காழீ இயாழும் இமாம் ராஸீயும் அதை வன்மையாக மறுத்தனர். இப்னு ஹஜர், பல வழிகளில் வருவதால் ஏதோ ஓர் அடிப்படை இருக்க வேண்டும் என்றார். இங்கு அந்த விவாதத்தை விரிக்க இடமில்லை. அவ்வாசகம் குறைஷிகளுடைய சொந்த ஓதல் என்ற இப்னுல் கல்பீயின் குறிப்பு மட்டும் உரிய கவனத்தைப் பெறவில்லை என்பேன்.

இனி குர்ஆனின் வாதம். உங்களுக்கு ஆண், அவனுக்குப் பெண்ணா என்று கேட்டு, அதை ‘ளீஸா’ பங்கீடு என்கிறது 53:22. நேர்மை கோணிய பங்கீடு. குர்ஆன் முழுவதிலும் ஒரே ஒருமுறை வரும் சொல் இது. ஒலியிலேயே ஒரு கோணல் இருக்கிறது. கோணலான பங்கீட்டுக்குக் கோணலான சொல்லே பொருத்தம் என்ற கருத்தில் முஸ்தஃபா ஸாதிக் ராஃபியீ இதை வியந்து எழுதியிருக்கிறார். 16:58இலோ, பெண் பிறந்த செய்தி கேட்டவனின் முகம் கறுத்துப் போவதாகக் காட்டப்படுகிறது. அரபியிலும் தமிழிலும் இதற்குச் சொல் ஒன்றே. முகம் கறுத்தது என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. நம் வீடுகளிலும் பிரசவ அறையின் வாசலில் அந்தக் கறுப்பைக் கண்டவர்கள்தாம் நாம்.

இவ்வசனங்களில் பெண் தாழ்ந்தவள் என்பது இறைவனின் கூற்றன்று. எதிரில் நிற்பவனின் அளவுகோல். நீ எதை உனக்கு இழிவென்று எண்ணுகிறாயோ அதை அவனுக்கு ஒதுக்கினாயே என்று அவன் கோலாலேயே அவனை அளக்கிறது குர்ஆன். 43:18இல் அணிகலனில் வளர்ந்து வழக்காடத் தெரியாதவள் என்று வரும் விவரிப்பை, பெண்ணின் இயல்பான குறைக்குச் சான்றாக எடுத்த விரிவுரையாளர்கள் உண்டு. நம் மேடைகளிலும் கேட்கலாம். முந்தைய வசனமோ முகம் கறுப்பவனைப் பற்றியது. அவன் மனத்தில் ஓடும் எண்ணமே அடுத்து வருகிறது என்று கொள்வதுதான் கோவைக்குப் பொருந்தும். வழக்காடத் தெரியாதவள் என்றால் ஸஅதின் மனைவி அன்று யாருக்காக வழக்காடினார்?

உஸ்ஸாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மக்காவுக்கு அருகே நக்லா பள்ளத்தாக்கில் மூன்று ‘ஸமுரா’ மரங்களோடு அவளுடைய இடம் இருந்தது. இராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கங்களில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடை மரத்தின் உறவு மரம் அது. குறைஷிகளின் சிறப்புத் தெய்வம் இவளே. அபூலஹபின் இயற்பெயர் அப்துல் உஸ்ஸா; அன்னை கதீஜா (ரலி) அவர்களின் பாட்டனார் வழியிலும் ஓர் அப்துல் உஸ்ஸா உண்டு. உஹதுக் களத்தில் அபூஸுஃப்யான் உஸ்ஸாவின் பெயரைச் சொல்லியே வெற்றி முழங்கினார். நாவில் ஊறிய பழக்கம் எளிதில் போகவில்லை. வாய் தவறி லாத் மீதோ உஸ்ஸா மீதோ ஆணையிட்டவர் உடனே கலிமா சொல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்தது இதனால்தான். மக்கா வெற்றிக்குப் பின் ஹிஜ்ரி 8இல் காலித் இப்னு வலீத் (ரலி) நக்லாவுக்குச் சென்று அவ்விடத்தை அழித்தார்கள். அதே ஆண்டில் மனாத்தும் அகற்றப்பட்டது. சென்றவர் அலீ (ரலி) என்கிறார் இப்னுல் கல்பீ. அவ்ஸ் குலத்து ஸஅத் இப்னு ஸைத் (ரலி) என்கிறார் இப்னு ஸஅத். பின்னது சரியென்றால், மனாத்தின் பழைய மக்களில் ஒருவர் கையாலேயே அது முடிந்திருக்கிறது.

அதற்கு வெகு முன்னரே, மக்காவின் துன்பக் காலத்தில், ஸின்னீரா (ரலி) என்ற அடிமைப் பெண் இஸ்லாத்தை ஏற்றார். அவரை அபூபக்ர் (ரலி) விலை கொடுத்து விடுவித்தார்கள். பின்னர் அவருடைய பார்வை போயிற்று. லாத்தும் உஸ்ஸாவும்தாம் பறித்தனர் என்று குறைஷிகள் எள்ளினர். அவர்கள் பொய் சொல்கின்றனர், அவற்றால் தீங்கும் இல்லை நன்மையும் இல்லை என்றார் அப்பெண். அல்லாஹ் அவருக்குப் பார்வையை மீட்டளித்ததாக இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார்.

எஞ்சியிருப்பவள் லாத். மூவருள் மிகப் பரந்த புகழ் இவளுக்கே. கருங்கல் பாலையின் இடையர்கள் ஆடு மேய்க்கும்போதும் பகைவரை அஞ்சும்போதும் லாத்திடம் பாதுகாப்புக் கேட்டுக் கல்லில் கீறினர். பல்மைரா எனப்படும் தத்முரின் அரசி ஸினோபியாவின் மகன் பெயர் வஹ்புல்லாத், லாத்தின் கொடை. கிரேக்க மொழியில் அவன் அதீனாவின் கொடை எனப்பட்டான். அந்நகரில் லாத்தின் கோயில் வாயிலருகே, ஒரு மானைக் கால்களுக்கிடையே காத்து நிற்கும் 3.5 மீட்டர் உயரச் சிங்கம் இருந்தது. இந்தத் திருவிடத்தில் குருதி சிந்தாதவரை லாத் வாழ்த்துவாள் என்ற பொருளில் அதன் காலில் எழுத்து. 1977இல் போலந்து அகழாய்வாளர்கள் அதன் கற்களைக் கண்டெடுத்து நிறுத்தினர். 2015இல் ஐ.எஸ். கும்பல் அந்நகரைக் கைப்பற்றிச் சிங்கத்தை உடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், எண்பது வயதைக் கடந்த தொல்லியல் அறிஞர் காலித் அல்-அஸ்அதையும் அங்கேயே கொன்றது. தாயிஃபை மேற்கோள் காட்டி அச்செயலை நியாயப்படுத்தியோர் உண்டு. தாயிஃபில் நடந்ததை அவர்கள் படிக்கவில்லை என்றே நினைக்கிறேன். சிங்கம் செப்பனிடப்பட்டு 2017இல் திமிஷ்க் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது.

தாயிஃபில் லாத் ஒரு சதுரப் பாறை. ஸகீஃப் குலத்தார் அதன்மீது கட்டடம் எழுப்பி, ‘ரப்பா’, அதாவது தலைவி என்று அழைத்தனர். அவர்களுள் பெருமதிப்புப் பெற்ற உர்வா இப்னு மஸ்ஊத் (ரலி) இஸ்லாத்தை ஏற்று ஊர் திரும்பி அழைத்தபோது அம்பெய்து கொன்றனர். பின்னர், சுற்றிலும் எல்லாக் குலத்தாரும் இஸ்லாத்தில் இணைந்துவிட்டதைக் கண்டு, ஹிஜ்ரி 9 ரமளானில் மதீனாவுக்குத் தூது வந்தனர். அவர்களின் முதல் கோரிக்கை லாத்தை மூன்றாண்டு விட்டுவைக்க வேண்டும் என்பது. மறுக்கப்பட்டது. ஓராண்டு என்றனர், இறுதியில் ஒரு மாதம் என்றனர். தங்கள் ஊர் அறிவிலிகளும் பெண்களும் பிள்ளைகளும் கலங்கிவிடக் கூடாது என்பதே அவர்கள் சொன்ன காரணம். நபி (ஸல்) அவர்கள் எதற்கும் இசையவில்லை. எங்கள் கையால் உடைக்கச் செய்யாதீர்கள் என்ற வேண்டுகோளை மட்டும் ஏற்றார்கள். போரில்லை, கொலையில்லை, உடன்படிக்கை செய்துகொண்ட ஊரில், வணக்கத்தில் இருந்த ஒரு சிலையை, அவ்வூர்க் குலத்தவர் ஒருவரே சென்று உடைத்த செயல் அது.

உடைக்கச் சென்ற முகீரா இப்னு ஷுஅபா (ரலி) ஸகீஃப் குலத்தவரே. உர்வாவுக்கு நேர்ந்தது இவருக்கும் நேருமோ என்று அஞ்சி அவருடைய கிளையினர் சூழ்ந்து காவல் நின்றனர். அவர் கோடரியை ஓங்கியபோது ஸகீஃபின் பெண்கள் தலைத்துணியின்றி வெளியே வந்து அழுதனர். வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வரியில் எழுதிவிட்டு, பாறையின் கீழிருந்த பொன், அணிமணிகள் ஆகியவற்றின் கணக்குக்குச் சென்றுவிடுகின்றனர். அவ்வூர் ஆண்களின் தெய்வம் மட்டுமன்று அவள் என்பதை அந்த ஒரு வரிதான் நமக்குச் சொல்கிறது. பிள்ளைப்பேறும் நோயும் கணவனின் பயணமும் என்று அவர்கள் எதையெல்லாம் அங்கு கொண்டுபோயிருப்பார்கள் என்று எண்ணாமல் அந்த வரியை என்னால் பாடம் சொல்ல முடிவதில்லை.

அந்தச் செல்வத்திலிருந்து கொல்லப்பட்ட உர்வாவின் கடனை அடைக்குமாறு அவர் மகன் கேட்டார்; நபி (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். உர்வாவின் சகோதரர் அஸ்வதின் மகன் காரிபும் தம் தந்தையின் கடனைப் பற்றிக் கேட்டார். அஸ்வத் இணைவைப்பாளராகவே இறந்தவராயிற்றே என்றபோது, கடன் இப்போது என்மீதல்லவா இருக்கிறது, நான் முஸ்லிமாயிற்றே என்றார் காரிப். அதையும் அடைக்கச் சொன்னார்கள். சிலைகள் இருந்த இடத்தில் பள்ளிவாசல் அமைக்குமாறு உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி) பணிக்கப்பட்டார்கள். தம் காலத்துத் தாயிஃப் பள்ளியின் இடப்பக்க மினாரா நிற்குமிடமே லாத்தின் இடம் என்று குறிக்கிறார் இப்னுல் கல்பீ. மாவு குழைத்தவரே லாத் என்று விளக்கம் சொன்ன இப்னு அப்பாஸ் (ரலி) தம் இறுதி நாள்களை அவ்வூரிலேயே கழித்து, ஹிஜ்ரி 68இல் அங்கேயே மறைந்தார்கள். அவர்களின் பெயர் தாங்கிய பெரிய பள்ளிவாசல் ஒன்று இன்றும் தாயிஃபில் இருக்கிறது.